போன் பேசுது, நோட்ஸ் பேச மாட்டேங்குது

[எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்பதற்கு ஏற்ப லேசாகத் திருத்திய எழுத்து வடிவம்.]

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கறவங்க செட்டிங்ஸ்க்குள்ள போய் அக்சஸிபிலிட்டின்னு ஒரு பகுதி இருக்கும், அதுல டாக்பேக்ன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. இப்பவே பண்ணாதீங்க, எபிசோடு முடிஞ்சதும் பண்ணுங்க. இப்ப பண்ணா என்னை நிறுத்தவும் தெரியாது, தொடரவும் தெரியாது, மாட்டிக்குவீங்க. டாக்பேக் ஆன் ஆனதும் போன் முழுக்க வேற ஒரு ஆளா மாறிடும். விரல் எங்க படுதோ அங்க என்ன இருக்குன்னு சத்தமா சொல்லும். ஒரு தடவை தட்டினா சொல்லும், ரெண்டு தடவை தட்டினாதான் திறக்கும். பார்வை இல்லாத ஒருத்தர் வாட்ஸப் பாக்கறது, பணம் அனுப்பறது, பஸ்ஸுக்கு டிக்கெட் போடறது எல்லாமே இப்படித்தான்.

அதே போன்ல நான் ஒரு காலேஜ் நோட்ஸைத் திறந்தேன். தமிழ்ல டைப் பண்ணின, பி.ஏ. வரலாறு பாடத்துக்கான பிடிஎஃப். கண்ணுக்குப் பார்த்தா அழகான தமிழ். போன் என்ன சொல்லுச்சுன்னு கேளுங்க.

[இந்த இடத்தில் டாக்பேக் எழுத்தெழுத்தாக வாசிக்கும் ஒலி: ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.]

அது என்ன வார்த்தை தெரியுமா? "தமிழ்". திரையில இருக்கறது "தமிழ்" தான். போன் காதுக்குச் சொல்றது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். இது ஏன் இப்படி ஆகுதுங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தொழில்நுட்பம்னு சொன்னதும் நமக்கு ரோபோ கை, பேசற கண்ணாடி, படியேறும் சக்கர நாற்காலின்னு வீடியோல பார்த்ததெல்லாம் ஞாபகம் வரும். நான் இந்த எபிசோடுக்காகப் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது வேற. பார்வை இல்லாத ஒரு காலேஜ் மாணவருக்கு வேண்டிய கருவி அனேகமா அவங்க பையிலயே இருக்கு. கருவி வாசிக்கற மாதிரி பாடம்தான் கிடைக்கறதில்ல.

இதை நான் எங்க ஊர்ப் பக்கத்தை வச்சே சொல்றேன். தேனியில இருந்து தெற்கே போனா சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், அப்புறம் லோயர் கேம்ப். அங்கிட்டு மலையேறினா குமுளி, கேரளா. முல்லைப் பெரியாறு தண்ணி பாயற இந்த நீளமான பள்ளத்தாக்குலதான் பன்னீர் திராட்சை, வாழை, நெல்லு எல்லாம். படிப்புக்கும் இங்க பழைய வரலாறு உண்டு. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல தொடங்கினது. பெரியகுளம், தேனி, போடின்னு அதுக்கப்புறம் நிறைய கல்லூரி வந்தாச்சு. முதல் தலைமுறையா காலேஜ் வாசல் மிதிக்கற பிள்ளைங்க நிறையப் பேர், அதுலயும் தமிழ் வழியில படிக்கறவங்க நிறையப் பேர்.

இப்ப ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணிக்குவோம். கம்பம் பக்கத்துல ஒரு ஊரு. பிறவியிலேயே பார்வை இல்ல. பிளஸ் டூ நல்லா முடிச்சிட்டா. பி.ஏ. சேர்ந்திருக்கா, தினமும் பஸ்ல போய் வர்றா. கையில ஒரு சாதா ஸ்மார்ட்போன். அவ படிப்புல எங்க எங்க கதவு திறக்குது, எங்க முட்டுதுன்னு பார்ப்போம்.

முதல்ல திறந்த கதவு. திரையில இருக்கறதை வாசிக்கற மென்பொருளை ஸ்கிரீன் ரீடர்னு சொல்வாங்க. ரொம்ப வருஷம் இந்தத் துறையில ராஜா மாதிரி இருந்தது ஜாஸ்ங்கற மென்பொருள். அருமையான மென்பொருள்தான், ஆனா விலை பல பத்தாயிரம் ரூபாய். கம்ப்யூட்டர் விலையை விட அதைப் பேச வைக்கற மென்பொருள் விலை அதிகம்ங்கற காலம் இருந்துச்சு. 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்ங்கற இளைஞர், அவருக்கும் பார்வை கிடையாது, "கண் இருக்கறவன் கம்ப்யூட்டரை ஓசியில பார்க்கறான், நான் மட்டும் ஏன் காசு கொடுக்கணும்"ங்கற மாதிரி ஒரு கேள்வியில இருந்து என்விடிஏன்னு ஒண்ணை எழுத ஆரம்பிச்சார். அவரோட நண்பர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர், கூடச் சேர்ந்தார். அது இலவசம், மூலநிரலும் திறந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க பார்வையற்றவங்க அதிகமா பயன்படுத்தற ஸ்கிரீன் ரீடர்கள்ல அது ஒண்ணு. போன்ல டாக்பேக் கூடவே வருது, ஐபோன்ல வாய்ஸ்ஓவர் கூடவே வருது. ஆக, விலைங்கற சுவர் பெரும்பகுதி இடிஞ்சாச்சு.

அடுத்த கேள்வி, அது தமிழ் பேசுமா? பேசும். என்விடிஏ கூடவே ஈஸ்பீக்ன்னு ஒரு குரல் வரும், அதுல தமிழ் உண்டு. இயந்திரம் மாதிரி கரகரன்னு இருக்கும், முதல் தடவை கேட்டா சிரிப்பு வரும். ஆனா பழகினவங்க அதைத்தான் விரும்பறாங்க. ஏன்னா வேகத்தைக் கூட்டினாலும் எழுத்து குழையாது. நாம ரெண்டு மடங்கு வேகத்துல பாட்காஸ்ட் கேட்டுட்டு பெருமை அடிச்சுக்கறோம். பார்வையற்ற மாணவர்கள் கேட்கற வேகத்தை பக்கத்துல இருந்து கேட்டா நமக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. விண்டோஸ்ல மைக்ரோசாப்ட் ஒரு தமிழ்க் குரல் கொடுத்திருக்கு, பேரு வள்ளுவர். சென்னை ஐஐடியில ஹேமா மூர்த்தி தலைமையில பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு எழுத்தைப் பேச்சாக்கற குரல்களை உருவாக்கியிருக்காங்க, தமிழும் அதுல ஒண்ணு.

தமிழை வாசிக்க வைக்கறதுல ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. நமக்கு "க" ஒரே எழுத்து. "கடல்"லயும் அதுதான், "காந்தி"யிலயும் அதுதான், "அகம்"லயும் அதுதான். மூணுலயும் சத்தம் வேற. தமிழ்ச் சொல்லுக்கு விதி இருக்கு, இயந்திரம் கத்துக்கும். வந்து சேர்ந்த சொல்லுக்கு விதி இல்ல. அதனால வரலாறு படிக்கற பொண்ணு காந்தியை "சாந்தி"க்கு அக்கா மாதிரி வல்லினமா கேட்டுட்டே மூணு வருஷம் ஓட்டணும். அது பழகிடும். பெரிய குறை இல்ல.

சரி, போன் இருக்கு, குரல் இருக்கு. இப்ப பாடம்.

நம்ம ஊர் காலேஜ்ல தேர்வுக்கு முந்தின வாரம் எங்க கூட்டம் இருக்கும்? லைப்ரரியில இல்ல, ஜெராக்ஸ் கடையில. சீனியர் கையால எழுதின நோட்ஸ், அதோட ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸோட ஜெராக்ஸ். இந்தப் பொண்ணு தோழியோட அந்தக் கடைக்குப் போறான்னு வச்சுக்குவோம்.

"அண்ணே, இதோட ஃபைல் இருக்கா?"

"ஃபைலா? ஒரிஜினலே ஜெராக்ஸ் தான் பாப்பா."

அவ்வளவுதான் உரையாடல். நாலாவது தலைமுறை ஜெராக்ஸ்ல இருக்கற கையெழுத்தை எந்த மென்பொருளும் உருப்படியா வாசிக்காது. தோழி போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புவா, போன் "படம்"னு மட்டும் சொல்லும்.

பேராசிரியர் டைப் பண்ணின நோட்ஸ் கொடுத்தா? அதுலதான் அந்த ஜே, கே, பி, ஓ. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இது தமிழ்ல படிக்கறவங்களுக்குன்னே வந்த வம்பு. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். தொண்ணூறுகள்ல தமிழுக்குன்னு பொதுவான எண் நடைமுறைக்கு வராதபோது, ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை வச்சு ஃபான்ட் செஞ்சாங்க. பாமினிங்கற ஃபான்ட்ல ஜே இருக்கற இடத்துல "த" படம். கே இடத்துல "ம". ஓ இடத்துல "ழ". புள்ளிக்கு செமிகோலன். கண்ணு படத்தைப் பார்க்குது, அதனால "தமிழ்"னு வாசிக்குது. கம்ப்யூட்டர் உள்ள இருக்கற எண்ணைப் பார்க்குது, அதனால ஜே, கே, பி, ஓ. "அம்மா"ன்னு பாமினியில அடிச்சா உள்ள இருக்கறது எம், கே, செமிகோலன், கே, எச். உலகத்துல எந்தக் குழந்தையும் அம்மாவை அப்படிக் கூப்பிட்டிருக்காது.

இப்படி ஒரு ஃபான்ட் இல்ல, டஜன் கணக்குல. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கணக்கு. இதுக்குத் தீர்வா வந்ததுதான் யூனிகோட், தமிழ்ல ஒருங்குறி. "த"வுக்கு உலகம் முழுக்க ஒரே எண். 2010-ல கோவையில செம்மொழி மாநாடு நடந்த சமயத்துலயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், கூடவே டேஸ்-16-ஐயும் தரமா அறிவிச்சுது. (இதுல டேஸ்-16 ஒருங்குறியோட தனிப்பயன் பகுதியில உட்கார்ந்திருக்கு. அதனால சாதாரண ஸ்கிரீன் ரீடருக்கு அதுவும் ஊமைதான். அதை விடுங்க.) அறிவிச்சு இத்தனை வருஷம் ஆச்சு. இன்னமும் டிடிபி சென்டர்ல, துறை அலுவலகத்துல, கேள்வித்தாள்ல பழைய ஃபான்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கு. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த அக்காவுக்கு அந்த கீபோர்டு கைப்பழக்கம். பிரிண்ட் எடுத்தா நல்லாத்தானே வருது?

பிரிண்ட் எடுத்தா நல்லா வரும். பிரிண்ட் தேவைப்படாத ஒரே மாணவிக்குத்தான் அது வராது.

ஒருங்குறியில அடிச்சாலும் பிடிஎஃப் ஆக்கினா இன்னொரு சிக்கல். பிடிஎஃப்ங்கறது அச்சடிக்கப் பிறந்த வடிவம். கண்ணுக்கு எந்த வரிசையில தெரியுதோ அந்த வரிசையில எழுத்தோட படத்தை வச்சுக்கும். தமிழ்ல கொம்பு முன்னாடி வரும் இல்லையா, "கொ"ன்னா கண்ணுக்கு முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். சத்தத்துல க முதல்ல. இந்த வரிசை குழம்பி பல பிடிஎஃப்கள்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிடும். ஸ்கிரீன் ரீடர் அதைத் திக்கித் திக்கி வாசிக்கும். அதே பாடத்தை வேர்டு ஃபைலாவோ ஈபப்பாவோ கொடுத்தா மழை மாதிரி ஓடும். அதாவது நான் இந்த எபிசோடுல சொல்ற மிகப் பெரிய தொழில்நுட்ப ஆலோசனை என்னன்னா, பிடிஎஃப் ஆக்கறதுக்கு முன்னாடி இருந்த ஃபைலைக் கொடுங்க. செலவு பூஜ்யம்.

ஏற்கெனவே அச்சுல மட்டும் இருக்கற புத்தகத்துக்கு? அதை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தற மென்பொருளுக்கு ஓசிஆர்னு பேரு, எழுத்துணரி. தமிழுக்கு இது இப்ப நல்லாவே வேலை செய்யுது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழு பல வருஷம் உழைச்சு தமிழ் எழுத்துணரி ஒண்ணு செஞ்சாங்க, புத்தகங்களை பிரெய்ல் ஆக்கவும் அது பயன்பட்டிருக்கு. இன்னைக்கு கூகுள் டிரைவ்ல ஒரு தெளிவான பக்கத்தைப் போட்டாலே பெரும்பாலும் சரியா எழுத்தாகிடும். பழைய ஃபான்ட்ல இருக்கற ஃபைலை ஒருங்குறியாக்க என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதா மாதிரி இலவச மாற்றிகள் ரொம்ப நாளா இருக்கு. மாத்தினதை ஒரு தடவை கண்ணு இருக்கற ஒருத்தர் சரி பார்க்கணும், அவ்வளவுதான். முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு பத்து நண்பர்கள் இருந்தா ஆளுக்கு முப்பது பக்கம்.

"காப்பிரைட் பிரச்சினை வருமே"ன்னு உடனே ஒரு குரல் கேட்கும். வராது. 2012-ல காப்புரிமைச் சட்டத்துல கொண்டு வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கறதுக்கு ஏத்த வடிவத்துல புத்தகத்தை, லாப நோக்கம் இல்லாம, மாத்தறதுக்கு அனுமதி கொடுக்குது. உலக அளவுல இதுக்கு மராகேஷ் உடன்படிக்கைன்னு ஒண்ணு 2013-ல வந்துச்சு. அதை முதல்ல உறுதி செஞ்ச நாடு இந்தியா, 2014-ல. அப்படி மாத்தின புத்தகங்களுக்கு 2016-ல இருந்து சுகம்ய புஸ்தகாலயான்னு ஒரு இணைய நூலகமும் இருக்கு. சட்டத்துல நாம முன்னாடிதான் நிக்கறோம்.

சட்டம்னு வந்ததால ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய 1995 சட்டத்துல 7 வகைக் குறைபாடுதான் இருந்துச்சு, இதுல 21. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவீத இடம் ஒதுக்கணும், வயது வரம்புல 5 வருஷம் தளர்வு கொடுக்கணும்னு 32-வது பிரிவு சொல்லுது. நல்ல விஷயம். ஆனா 17-வது பிரிவைப் பாருங்க. புத்தகம், கற்றல் பொருள், தகுந்த உதவிக் கருவி இதெல்லாம் இலவசமா கொடுக்கணும்னு அதுல இருக்கு. எந்த வயசு வரைக்கும்? 18 வரைக்கும்.

பதினெட்டு வயசுல நம்ம பொண்ணு எங்க இருப்பா? பி.ஏ. முதல் வருஷம்.

பள்ளியில சிறப்பாசிரியர் இருப்பாங்க, பிரெய்ல் புத்தகம் வரும், யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்குவாங்க. காலேஜ் வாசல் தாண்டினதும் அந்த வரி முடிஞ்சு போகுது. அதுக்காக காலேஜுக்குப் பொறுப்பே இல்லைன்னு அர்த்தம் இல்ல. அரசு நிதி பெறுகிற, இல்ல அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனமும் அந்தந்த மாணவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செஞ்சு தரணும்னு 16-வது பிரிவு சொல்லுது, அதுக்கு வயசு வரம்பு கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல அணுகல்தன்மைக்குன்னு தனி வழிகாட்டுதலே வெளியிட்டுச்சு. 2024 நவம்பர்ல ராஜீவ் ரத்தூரி வழக்குல உச்ச நீதிமன்றம், அணுகல் தரம்ங்கறது விருப்பப்பட்டா செய்யற ஆலோசனையா இருக்கக் கூடாது, கட்டாய விதியா இருக்கணும்னு சொல்லிடுச்சு. தாள்ல எல்லாம் இருக்கு. தாள்ல இருக்கறதுதான் நம்ம பிரச்சினையே, இல்லையா?

இப்ப தூரம். சென்னையில இருக்கறவங்களுக்கு இது உறைக்காது. கம்பத்துல இருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். தேனியில இருந்து மதுரை இன்னொரு 75. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தேனி கலெக்டர் ஆபீஸ்ல. மருத்துவச் சான்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரின்னா தேனியையும் தாண்டி க.விலக்கு. ஸ்கிரீன் ரீடர், பிரெய்ல், தனியா நடமாடற பயிற்சி இதெல்லாம் முறையா கத்துக்கணும்னா மதுரை. அங்க சுந்தரராஜன்பட்டியில இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கு, எஸ்.எம்.ஏ. ஜின்னா, அவரும் பார்வையற்றவர், 1985-ல தொடங்கினது. 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் தரைத்தளத்துல மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அகல ரயில் பாதை 2022 மே மாசம் தேனி வரைக்கும் வந்துச்சு, 2023 ஜூன்ல போடி வரைக்கும் போச்சு. கம்பத்துக்கு இன்னும் ரயில் கிடையாது. ஒரு மென்பொருளைக் கத்துக்க ஒரு நாள், கூட வர்ற அம்மாவுக்கு ஒரு நாள் கூலி.

அம்மான்னதும் இன்னொண்ணு. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, சின்ன வயசுல பார்வை போனவங்க, 2019 குடிமைப் பணித் தேர்வுல 286-வது இடம் பிடிச்சாங்க. 2020 ஆகஸ்ட்ல முடிவு வந்தப்ப பேப்பர் முழுக்க அவங்க படம்தான். வீட்டுல பெற்றோர் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினதை அவங்க எங்கேயும் மறக்காம சொன்னாங்க. அது பெரிய விஷயம். ஆனா கம்பத்துல விடியறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு கம்பம்மெட்டு வழியா கேரளா மலைக்கு ஜீப் ஜீப்பா போயிட்டிருக்கும். இருட்டினப்புறம்தான் திரும்புவாங்க. அந்த ஜீப்ல போற அம்மா ராத்திரி உட்கார்ந்து ஐரோப்பிய வரலாற்றை வாசிச்சுக் காட்டணும்னா, முதல்ல அவங்களுக்கு வாசிக்கத் தெரியணும், அப்புறம் உடம்புல தெம்பு இருக்கணும். அந்த வீட்டுக்குத்தான் இயந்திரக் குரல் ரொம்பத் தேவை. அந்த வீட்டுக்குத்தான் அந்த ஃபைல் போய்ச் சேரறது இல்ல.

தேர்வுக்கு வருவோம். பார்வை இல்லாத மாணவர்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது ஸ்கிரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதறவர். மத்திய அரசோட 2018 வழிகாட்டுதல்படி, மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம் தரணும். மாணவர் தானே ஒரு ஸ்கிரைபைக் கூட்டிட்டு வந்தா, அவர் மாணவரை விட ஒரு படி குறைவாப் படிச்சவரா இருக்கணும். அதனால பி.ஏ. தேர்வுக்கு பிளஸ் டூ படிச்ச ஒருத்தரைத் தேடிப் பிடிக்கணும், அவர் கையெழுத்து நல்லா இருக்கணும், தேர்வு நாள்ல அவருக்கு வேலை இருக்கக் கூடாது. 2021-ல விகாஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போச்சு. எழுதறப்ப கை இழுத்துக்கற பிரச்சினை உள்ள ஒருத்தருக்கு, 40 சதவீதக் குறைபாடுங்கற சான்று இல்லாட்டியும் ஸ்கிரைப் கொடுக்கணும்னு சொல்லுச்சு.

ஆனா அதே 2018 வழிகாட்டுதல்ல யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கு. மாணவர் விரும்பினா பிரெய்ல்ல எழுதலாம், கம்ப்யூட்டர்ல எழுதலாம், விடையை ஒலிப்பதிவாவும் கொடுக்கலாம். கம்ப்யூட்டர்ல எழுதறதா இருந்தா முந்தின நாளே வந்து அந்தக் கம்ப்யூட்டர் சரியா இருக்கான்னு பார்த்துக்கலாம். தன் விடையைத் தானே எழுதறதுக்கும் இன்னொருத்தர் கையில விடறதுக்கும் உள்ள வித்தியாசத்தை, மொபைல்ல வாய்ஸ் டைப்பிங் பண்ணி அனுப்பிட்டு அப்புறம் தலையில அடிச்சுக்கிட்ட எல்லாருக்கும் நான் விளக்க வேண்டியதில்ல.

அப்படித் தமிழ்ல எழுதணும்னா ஒரு நேர்மையான தடை இருக்கு. காதால மட்டுமே படிச்ச பிள்ளைக்கு எழுத்துப்பிழை வரும். "ந"வும் "ன"வும் காதுக்கு ஒண்ணு. "ர"வும் "ற"வும் பல குரல்ல ஒண்ணு. "ழ" நம்ம ஊர்ல மனுஷங்க வாயிலயே "ள" ஆகிடுது, இயந்திரத்தை என்ன சொல்ல. இதுக்குத்தான் பிரெய்ல் தெரிஞ்சவங்க "பிரெய்லை விட்டுடாதீங்க"ன்னு சண்டை போடறாங்க. 1950-கள்ல இந்திய மொழிகளுக்குப் பொதுவா ஏற்படுத்தின பாரதி பிரெய்ல்ல ற, ழ, ள எல்லாத்துக்கும் தனித்தனிப் புள்ளி வடிவம் இருக்கு. விரல் தொட்டா எழுத்து தெரியும், காதை நம்ப வேண்டாம். ஆர்பிட் ரீடர் 20 மாதிரி, புள்ளிகள் தானே எழும்பி இறங்கற கருவியும் வந்திருக்கு. பழைய கருவிகளை விட விலை ரொம்பக் குறைவு, இருந்தாலும் பள்ளத்தாக்கு வீட்டுக்கு அது பெரிய தொகை. அது கிடைக்கற வரைக்கும் ஸ்கிரீன் ரீடர்ல அம்புக்குறியைத் தட்டித் தட்டி எழுத்தெழுத்தா கேட்டுப் பழகணும். தமிழ்99 விசைப்பலகை பழகினா கை வேகமாப் போகும்.

காது கேட்காத மாணவர்கள் பத்தி இதே நீளத்துக்கு இன்னொரு எபிசோடு போடணும். இப்ப சுருக்கமா. பேசறதை உடனுக்குடன் எழுத்தாக்கற லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை கூகுள் 2019-ல, காது கேட்காதவங்களுக்கான கல்லடெட் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து கொண்டு வந்துச்சு. தமிழும் உண்டு. போன் கடைசி பெஞ்சுல இருந்து, சார் கரும்பலகையைப் பார்த்துக்கிட்டு பேசினா அதுல பாதி வராது. மேசை மேல ஒரு மைக் வச்சா நிலைமை மாறும். ஆனா சைகை மொழியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு எழுதின தமிழே இரண்டாவது மொழி, அப்ப இந்த எழுத்து ஓட்டமும் முழுத் தீர்வு ஆகாது. காது கேளாதவங்களுக்குன்னே பி.காம்., பிசிஏ நடத்தற மாநிலக் கல்லூரி சென்னையில இருக்கு. கம்பத்துல இருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல.

சக்கர நாற்காலி விஷயத்துல நம்ம ஆளுங்க செஞ்சதைச் சொல்லாம விட மனசு வரல. சென்னை ஐஐடியில சுஜாதா ஸ்ரீனிவாசன் குழு, உட்கார்ந்தவரை எழுந்து நிக்க வைக்கற அரைஸ் நாற்காலியை 2019-ல வெளியிட்டாங்க. அங்க இருந்து கிளம்பின நியோமோஷன், நாற்காலியோட முன்னாடி மாட்டினா அதையே வண்டியாக்கற நியோபோல்ட்டைக் கொடுத்துச்சு. தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர், பேட்டரி நாற்காலி எல்லாம் கொடுக்குது, பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவங்களுக்குத் தகுந்த செயலியோட திறன்பேசியும் கொடுக்குது. வகுப்பறை மாடியில இருந்து லிஃப்ட் இல்லாட்டி என்ன செய்யறதுங்கறதுக்கு ஐஐடிக்குப் போக வேண்டாம், டைம்டேபிள் போடறவர் அந்த வகுப்பைக் கீழ மாத்தினா போதும்.

கேட்கறவங்க பலர் காலேஜ்ல இருக்கீங்க, சிலர் வேலைக்கு வந்தாச்சு. உங்க வகுப்பு வாட்ஸப் குரூப்ல அடுத்த தடவை நோட்ஸ் போடறப்ப போட்டோவா போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூகுள் லென்ஸ்ல எழுத்தா மாத்திப் போடுங்க. பார்வை இல்லாத நண்பர் அந்தக் குரூப்ல இல்லைன்னாலும் போடுங்க, தேடினா கிடைக்கும்ல. துறையில டைப் பண்றவங்களுக்கு ஒருங்குறிக்கு மாற ஒரு மதியம் கூட உட்கார்ந்து உதவுங்க. நீங்களே ஒரு மாற்றுத்திறனாளி மாணவரா இருந்து, தேனி மாவட்டத்துல இருந்தீங்கன்னா, எந்தக் கருவிக்கு யார் விண்ணப்பிக்கலாம்ங்கற விவரத்துக்கு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்க. திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல எழுத்து மூலமாவும் கொடுக்கலாம். காலேஜ்ல கேட்கறப்ப வாயால கேட்காம, "16-வது பிரிவுப்படி எனக்குப் பாடம் ஒருங்குறி வேர்டு ஃபைலா வேணும்"னு ஒரு கடிதமா கொடுங்க. கடிதம் கொடுத்தா ஃபைல் நகரும், ரெண்டு அர்த்தத்துலயும்.

ஆ, மறந்துட்டேன். டாக்பேக்கை ஆன் பண்ணிட்டு அணைக்கத் தெரியாம இருக்கறவங்க, ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க. பெரும்பாலான போன்ல அணைஞ்சிடும். அணைக்கறதுக்கு முன்னாடி உங்க காலேஜோட வெப்சைட்டை ஒரு தடவை அதுல கேட்டுப் பாருங்க. என்ன சொல்லுச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கறோம்.